ஒதுக்கிய பணமும் ஒதுங்க இடமும்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பிழைப்பை நாடி மாநிலம் விட்டு மாநிலம் வந்து குடியேறியுள்ள நம் போன்ற குடும்பத்தினருக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. புதிய நகரில் வேலை கிடைத்துவிடுகிறது. வீடு கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. கையில் முன்பணத்தை வைத்துக்கொண்டு, “எந்த ஊர், என்ன மொழி, என்ன சாப்பாடு?” என்ற கேள்விகளுக்கு விடை சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தப்படுவதை நம்மில் பலர் அறிவோம். பணம் இருப்பதனால் மட்டும் வீடு கிடைத்துவிடாது என்னும் இவ்வுண்மையை ஓர் அரசாங்கமே பல்லாண்டு பட்டறிவால் கற்றுக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அது அயர்லாந்து நாட்டில் நிகழ்ந்தது. அந்நாட்டின் நாடோடி மக்களுக்கு வீடு கட்டித் தர மத்திய அரசு பணம் ஒதுக்கியது. அப்பணத்தில் பெரும் பகுதி செலவாகாமலே கிடந்தது. வீடு கேட்டவர்களோ சாலை ஓரத்தில் இருந்தனர். இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

யார் இம்மக்கள்?

அயர்லாந்தில் இம்மக்களை ‘டிராவலர்’ என்று அழைக்கின்றனர். வழிப்போக்கர் என்பது அதன் பொருள். ஐரிஷ் மொழியில் இவர்களுக்கு வழங்கும் பெயரும் ‘நடக்கும் மக்கள்’ என்றே பொருள்படும். 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இவர்கள் 32,949 பேர். ஐம்பத்தொரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுகூட ஆகாது.

ஐரோப்பாவெங்கும் பரவியுள்ள ரோமா என்னும் நாடோடி இனத்தார் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டின் வடமேற்குப் பகுதியிலிருந்து சென்றவர்கள் என்பதை நேயர்கள் படித்திருக்கலாம். டிராவலர்கள் அவ்வினத்தைச் சார்ந்தவர் அல்லர். அயர்லாந்து மண்ணிலேயே தோன்றியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் நிலம் இழந்து தெருவுக்கு வந்தோரின் வழியினர் இவர்கள் என்று பலர் நம்பி வந்தனர். 2017இல் வெளியான மரபணு ஆராய்ச்சி அக்கருத்தை மறுத்து, அப்பஞ்சத்துக்கு நெடுங்காலம் முன்பே, ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன்பே, இவர்கள் ஏனைய ஐரிஷ் மக்களிடமிருந்து பிரிந்து தனிச் சமூகமாகிவிட்டனர் என்று கண்டது. இவர்களுக்கெனத் தனி மொழியும் உண்டு. அறிஞர்கள் அதனை ‘ஷெல்டா’ என்பர்.

குதிரை பூட்டிய கூண்டு வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்வதும், தகரப் பாத்திரங்கள் செய்வதும், ஓட்டை விழுந்த கலங்களை அடைத்துக் கொடுப்பதும், குதிரை வாங்கி விற்பதும், அறுவடைக் காலத்தில் பண்ணைகளில் கூலி வேலை செய்வதும் இவர்களுடைய பழந்தொழில்கள். கிராமத்துக்கு இவர்கள் தேவைப்பட்டனர். ஆதலால் ஆண்டுக்கு இருமுறை வந்து சாலையோரம் சில நாள் தங்குவதை எவரும் பெரிதாகத் தடுக்கவில்லை. பிளாஸ்டிக் வாளி வந்தது. தகர வேலை போயிற்று. டிராக்டர் வந்தது, குதிரை வாணிகம் தேய்ந்தது. பிழைப்பைத் தேடி இவர்கள் நகரங்களின் ஓரத்துக்கு நகர்ந்தனர். தொழில் இருந்தவரை விருந்தாளியாக இருந்தவர் தொழில் போனதும் தொல்லையாகிவிட்டனர்.

அரசாங்கம் கண்ட வழி

1960ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் ஓர் ஆணைக் குழுவை நியமித்தது. அவ்வாண்டு டிசம்பரில் எடுத்த கணக்கில் 1,198 குடும்பங்களும் 6,591 மக்களும் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கூடாரங்களிலும் குதிரை வண்டிகளிலுமே குடியிருந்தனர். 1963இல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அக்குழுவில் டிராவலர் ஒருவர்கூட இடம்பெறவில்லை என்பதையும், இம்மக்களின் வாழ்க்கை முறையையே ஒரு ‘பிரச்சினை’யாக அது கண்டது என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். இவர்களை ஏனைய மக்களோடு கரைத்துவிடுவதே தீர்வு என்று அவ்வறிக்கை எண்ணியது. நோய் இன்னதென்று நோயாளியைக் கேளாமலே மருந்து எழுதிய வைத்தியம் அது.

அதன்பின் முப்பது ஆண்டுகள் உருண்டோடின. 1995இல் மற்றொரு சிறப்புக் குழு தன் அறிக்கையை அளித்தது. 2000ஆம் ஆண்டுக்குள் 3,100 இருப்பிடங்கள் வேண்டும் என்று அது திட்டமாகக் கணக்கிட்டது. அவற்றுள் 2,200 கேரவன் வண்டியை நிறுத்திக் குடியிருப்பதற்கான மனைகள், 900 வீடுகள்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விளக்குதல் நலம். டிராவலர்களுள் பெரும்பாலோர் இக்காலத்தில் சாதாரண வீடுகளிலேயே வாழ்கின்றனர். ஆயினும் உற்றார் உறவினர் கூடி வாழ்வதும், வேண்டும்போது வண்டியெடுத்துப் புறப்படுவதும் தம் குலமரபு என்று கருதுவோர் இன்னும் பலர் உளர். அவர்களுக்காகவே இரு வகை ஏற்பாடுகள் வகுக்கப்பட்டன. ஒன்று, உறவுக் குடும்பங்கள் சேர்ந்து வாழ ஒரே வளாகத்தில் கட்டப்படும் வீட்டுத் தொகுதி. மற்றொன்று, தங்கல் மனை. தங்கல் மனையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தளம் பாவிய ஓர் இடமும், குடிநீர், மின்சாரம், கழிப்பறை, குளியலறை கொண்ட சிறு கட்டடமும் இருக்கும். குடும்பம் தன் சொந்த வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திக் குடியிருக்கும். வீடு என்றால் நாற்சுவரும் ஓட்டுக் கூரையுமே என்று நினைக்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். அவர்களுக்கு அதுவே வீடு.

1998இல் இதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தன் எல்லையில் வாழும் டிராவலர்களின் வீட்டுத் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும். அதற்கேற்ப ஐந்தாண்டுத் திட்டம் வகுக்க வேண்டும். டிராவலர்களின் பிரதிநிதிகளும் அமரும் ஆலோசனைக் குழுவை அமைக்க வேண்டும். மன்ற உறுப்பினர்கள் திட்டத்தை ஏற்க மறுத்தால், மன்றத்தின் தலைமை அதிகாரியே தம் ஆணையால் அதனை நிறைவேற்றிவிடலாம். செலவுக்கும் குறைவில்லை. இவர்களுக்கெனத் தனியாக அமையும் தொகுதிகளையும் மனைகளையும் கட்டும் மூலதனச் செலவு முழுவதையும் மத்திய அரசே தருகிறது. உள்ளூர் மன்றம் தன் வரிப்பணத்திலிருந்து அதற்குப் பங்கு தர வேண்டியதில்லை.

கேட்பதற்கு இதைவிடச் செம்மையான ஏற்பாடு ஏது? தேவை கணக்கிடப்பட்டது, திட்டம் கட்டாயமாயிற்று, பணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பூசாரியின் வரம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அது அயர்லாந்தில் அப்படியே மெய்யாயிற்று. 2008 முதல் 2018 வரை இக்காரியத்துக்காக உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 16 கோடியே 88 இலட்சம் யூரோ. மன்றங்கள் பெற்றுச் செலவிட்டது ஏறத்தாழ 11 கோடி. மூன்றில் ஒரு பங்கு தீண்டப்படாமலே கிடந்தது. 2018ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒதுக்கியது 1 கோடியே 20 இலட்சம். செலவானது அதில் பாதியளவே. சில மன்றங்கள் ஒரு யூரோகூடப் பெற்றுக்கொள்ளவில்லை.

இடையில் வந்த பொருளாதார நெருக்கடியும் இதில் சேர்ந்துகொண்டது. 2008இல் சுமார் 4 கோடி யூரோவாக இருந்த ஆண்டு ஒதுக்கீடு 2013இல் சுமார் 40 இலட்சமாகச் சுருங்கியது. சிக்கனம் என்ற பெயரில் எல்லாத் துறைகளிலும் வெட்டு விழுந்தது உண்மையே. ஆயினும் பத்தில் ஒன்றாகக் குறைந்த துறைகள் மிகச் சிலவே. அவ்வாறு குறைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, முன்பு கொடுத்ததையே மன்றங்கள் செலவிடவில்லையே என்பது! செலவிடாத குற்றம் மன்றத்தினுடையது. அதற்குரிய தண்டனையை அடைந்ததோ வீடற்ற குடும்பம்.

ஏன் செலவிடவில்லை? விடை எளிது. வீடு கட்டப் பணம் வேண்டும். அதற்கும் முன்னே இடம் வேண்டும். இடத்தை முடிவு செய்யும்போது அக்கம்பக்கத்தார் எழுந்து நின்றுவிடுவார்கள். எங்கள் தெருவில் வேண்டா, எங்கள் பள்ளிக்கருகில் வேண்டா, எங்கள் வீட்டு விலை குறைந்துவிடும் என்று மனுக்கள் குவியும். ஐந்தாண்டுத் திட்டம் ஏட்டில் இருப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை. ‘இன்ன சர்வே எண்ணில் இத்தனை மனை’ என்று குறித்ததும் போராட்டம் தொடங்கிவிடும். கட்டட அனுமதி குறித்த வாக்கெடுப்பு மன்ற உறுப்பினர்களின் கையில் இருந்தது. அவ்வுறுப்பினர்கள் அடுத்த தேர்தலில் அதே தெருவாரிடம் வாக்குக் கேட்க வேண்டியவர்கள். டிராவலர்களின் வாக்கோ விரல்விட்டு எண்ணத் தக்கது. உறுப்பினர் எப்பக்கம் சாய்வார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருங்குறை இங்கேதான் இருந்தது. திட்டம் வகுக்காத மன்றத்தைச் சட்டம் வற்புறுத்தியது. வகுத்த திட்டத்தை நிறைவேற்றாத மன்றத்துக்கு எத்தண்டனையும் விதிக்கவில்லை. ஆனால் 2002இல் வந்த மற்றொரு சட்டம் பிறர் நிலத்தில் அனுமதியின்றி வண்டியை நிறுத்துவதைக் குற்றமாக்கியது. அதற்குச் சிறை உண்டு, அபராதம் உண்டு. வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் காவல் துறைக்கு உண்டு. பல காலமாகத் தங்கிவந்த சாலையோரங்களில் மன்றங்கள் பெரும் பாறைகளை உருட்டி வைத்தன. மனை கட்டாத மன்றத்தைச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. மனை இல்லாத குடும்பத்தைச் சட்டம் துரத்தியது.

மன்றத்தார் தரப்பிலும் நியாயங்கள் கூறப்பட்டன. அவற்றை மறைத்தல் முறையன்று. நகர்ப்புறத்தில் நிலம் கிடைப்பது அரிது. நெருக்கடிக் காலத்தில் பொறியாளர்களும் ஊழியர்களும் குறைந்துவிட்டனர். சில மனைகளில் குடும்பங்களுக்குள் பகை மூண்டு, கட்டிய இடம் பாழானதும் உண்டு. இவை பொய்யல்ல. ஆயினும் இத்தகைய இடர்ப்பாடுகள் எந்த வீட்டு வசதித் திட்டத்திலும் உள்ளவையே. ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பில் இரு குடும்பங்கள் சண்டையிட்டால், நகரில் அடுக்கு மாடியே கட்டுவதில்லை என்று எவரும் முடிவு செய்வதில்லை.

பத்து உயிர்கள்

2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் விடியற்காலை, தலைநகர் டப்ளினின் தெற்கே கேரிக்மைன்ஸ் என்னுமிடத்தில் ஒரு தங்கல் மனையில் தீப்பிடித்தது. தற்காலிகம் என்று சொல்லி அமைத்த மனை அது. ஆண்டுகள் பல சென்றும் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அத்தீயில் ஐந்து பெரியவரும் ஐந்து குழந்தைகளும் மாண்டனர். இறந்த தாய்மாருள் ஒருவர் கருவுற்றிருந்தார். நாடு முழுவதும் துக்கம் கொண்டாடியது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

உயிர் பிழைத்த குடும்பத்தினரைத் தங்கவைக்க, உள்ளாட்சி மன்றம் அருகிலேயே தனக்குச் சொந்தமான ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. அப்பகுதிக் குடியிருப்பாளர் சிலர் பாதையை மறித்து நின்று, வேலை செய்ய வந்த வண்டிகளை உள்ளே விட மறுத்தனர். இறந்தோரின் நல்லடக்கம் முடிவதற்கு முன்னரே இது நடந்தது. இறுதியில் மன்றம் அவ்விடத்தைக் கைவிட்டு வேறோர் இடத்தைத் தேட வேண்டியதாயிற்று.

மறித்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் எளிதில் நகர்ந்துவிடலாகாது. அவர்களும் பிள்ளைகுட்டிகளோடு வாழும் சாதாரணக் குடும்பத்தார். இரங்கல் கூட்டத்தில் கண்ணீர் விட்டவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம். இரக்கம் வேறு, அண்டைவீடு வேறு என்று மனிதமனம் பிரித்து வைத்திருக்கிறது. அதனால்தான் இத்தகைய முடிவுகளை அண்டைவீட்டாரின் மனநிலைக்கு விட்டுவிடுவது அரசியல் முறையாகாது என்கிறோம்.

தீயில் வெந்தவர் மட்டுமா? மெல்ல மெல்ல வாடுவோர் கணக்கும் உண்டு. 2010இல் வெளியான பெரியதொரு சுகாதார ஆய்வு, டிராவலர் ஆண்களின் சராசரி ஆயுள் ஏனைய ஆண்களைவிட 15 ஆண்டு குறைவு என்றும், பெண்களின் ஆயுள் பதினோரு ஆண்டுக்கு மேல் குறைவு என்றும் கண்டது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை பொது மக்களிடையே நான்குக்கும் குறைவு, டிராவலர்களிடையே பதினான்கு. இவற்றுக்கெல்லாம் வீட்டுக் குறை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஈரமும் குளிரும் நெரிசலும் உள்ள இடத்தில் உடல்நலம் எவ்வாறு நிலைக்கும்?

2021இல் குழந்தைகளுக்கான குறைதீர்ப்பு அதிகாரி ஒரு தங்கல் மனையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். 66 குழந்தைகள் வாழ்ந்த இடம் அது. நாற்பது பேருக்கென அமைத்த கழிப்பறைகளையும் குளியலறைகளையும் நூற்று நாற்பது பேர் பயன்படுத்தி வந்தனர். எலித் தொல்லை தாங்க முடியாததாக இருந்தது. அது கேட்பாரற்றுத் தாமாகவே குடியேறிய இடமன்று. உள்ளாட்சி மன்றமே அமைத்து நடத்தும் இடம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

திருந்திய கணக்கு

பத்து உயிர்களின் மறைவும் வெளியார் கண்டனமும் அரசாங்கத்தைச் சற்றே அசைத்தன. டிராவலர் வாழிடங்கள் போதாதவை, பல இடங்கள் தரங்கெட்டவை என்று ஐரோப்பிய சமூக உரிமைக் குழுவின் தீர்ப்பு 2016இல் வெளியாயிற்று. 2017 மார்ச் 1ஆம் நாள், அப்போதைய பிரதமர் எண்டா கென்னி, டிராவலர்கள் தனி இனக்குழுவினர் என்று நாடாளுமன்றத்தில் முறைப்படி அறிவித்தார். கரைத்துவிட வேண்டியவர்கள் என்று 1963இல் எழுதியவரை, தனித்தன்மை உடையவர்கள் என்று ஏற்றுக்கொள்ள ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

2019இல் வல்லுநர் குழு ஒன்று, இவ்வீடுகளுக்கான கட்டட அனுமதியை உறுப்பினர்களின் வாக்கெடுப்பிலிருந்து எடுத்துத் தலைமை அதிகாரியிடம் ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. மறு ஆண்டிலேயே பணம் வழங்கும் முறையில் சிறியதொரு மாற்றம் செய்யப்பட்டது. அதுவரை ஆண்டின் தொடக்கத்தில் ‘இம்மன்றத்துக்கு இவ்வளவு’ என்று பங்கிட்டு வைத்திருந்தனர். ஒரு மன்றம் உறங்கினால் அதன் பங்கும் உடன் உறங்கியது. 2020 முதல் பணத்தைப் பொதுவில் வைத்து, எந்த மன்றம் வேலையோடு வருகிறதோ அதற்கு எப்போது வேண்டுமானாலும் கொடுப்பது என்றாயிற்று. அவ்வாண்டு ஒதுக்கிய 1 கோடியே 45 இலட்சம் யூரோவும் முழுமையாகச் செலவாயிற்று. அடுத்த ஆண்டும் அவ்வாறே. பத்தாண்டுகளாகச் செலவிட முடியாது என்று கூறப்பட்ட பணம், விதியைத் திருத்தியதும் செலவாகிவிட்டது!

எனினும் இதனைக் கண்டு முழு மகிழ்ச்சி கொள்வதற்கில்லை. பெருந்தொற்றுக் காலமாதலின், தண்ணீர்க் குழாய், தற்காலிகக் கழிப்பறை, பழைய மனைகளின் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கும் அப்பணம் சென்றது. செலவான தொகை வேறு. புதிதாய் எழுந்த வாசல்களின் எண்ணிக்கை வேறு. முன்னதை மட்டும் எண்ணிப் பின்னதை எண்ணாமல் விட்டால் பழைய நோய் புதிய உருவில் திரும்பும்.

நமக்கு என்ன?

அயர்லாந்தைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா என்று கேட்டால், தலை குனிந்துதான் விடை சொல்ல வேண்டும். நாடோடிச் சமூகங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையர் இயற்றியது. சுதந்திரம் பெற்று ஐந்தாண்டு கழித்து 1952இல்தான் அது நீங்கியது. சட்டம் நீங்கியது, சந்தேகம் நீங்கவில்லை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு இச்சமூகங்களுக்கென ‘சீட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி ரூபாய் என்று அறிவித்தது. வீட்டு வசதியும் அதன் நான்கு பகுதிகளுள் ஒன்று. நல்ல முயற்சியே. ஆனால் அத்தகைய உதவியைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீடு இல்லாதவருக்கே வீடு கொடுக்கும் திட்டம் இச்சுழலில் சிக்கிக்கொள்ளாமல் காப்பது யார் பொறுப்பு?

ஆகவே அயர்லாந்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்கள் மூன்று. முதலாவது, வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படும் தொகை ஒரு வாக்குறுதியே அன்றி வீடு அன்று; ஆண்டு முடிவில் எவ்வளவு செலவாயிற்று, எத்தனை குடும்பம் குடியேறிற்று என்று கேட்பவர் இருந்தால்தான் அது வீடாகும். இரண்டாவது, செய்யாதவரைக் கேளாத சட்டம், செய்பவரையும் நாளடைவில் சோம்பராக்கிவிடும். மூன்றாவது, எண்ணிக்கையில் சிறியோரின் அடிப்படைத் தேவையைப் பெரும்பான்மையோரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், பெரும்பான்மையோர் நல்லவராகவே இருப்பினும் சிறியோர் தெருவில்தான் நிற்பர்.

நாம் வாழும் நகரங்களிலும் மேம்பாலங்களின் அடியிலும் இரயில் நிலையங்களின் ஓரத்திலும் பாசிமணியும் ஊசியும் விற்று வாழும் குடும்பங்களைக் காண்கிறோம். நாளை அவர்களுக்கென ஓர் இடம் நம் குடியிருப்பின் அருகே குறிக்கப்படலாம். ‘பாவம், எங்காவது இடம் கொடுக்கட்டும்’ என்று சொல்வது எளிது. ‘இங்கே கொடுக்கட்டும்’ என்று நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்ல நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? அரசாங்கம் ஒதுக்கும் பணம் வீடாக மாறுவதும் மாறாததும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.